கத்திரி வெயிலில் மல்லியும் கோழியும்

வேலூரில் நேற்று 108 டிகிரி வெயில் என்று பேப்பரில் வந்தால் மற்ற ஊர்க்காரர்கள் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். வீட்டில் கோழி வளர்ப்பவர்களுக்கு அந்த எண் வேறு மாதிரி உறைக்கும். கோழியின் உடம்புச் சூடு எப்போதுமே 106, 107 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும் வரைக்கும் உடம்புச் சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். காற்று 108ஐத் தொட்டுவிட்டால் சூடு வெளியிலிருந்து உள்ளே வர ஆரம்பிக்கிறது. வியர்த்துக் குளிரலாம் என்றால் கோழிக்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கி, தொண்டை ஈரத்தை ஆவியாக்கித்தான் அது உயிரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சித்திரைக் கடைசியிலும் வைகாசி முதலிலும் இங்கே குடியாத்தத்தில் பகல் பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரை எங்கள் கோழிகளுக்கு வேறு வேலையே இல்லை.

"இந்த வெயில்ல பூச்செடியும் வெச்சுகினு, கோழியும் வெச்சுகினு எப்படிதான் சமாளிக்கறீங்க?" என்று பெங்களூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். மே மாதம் என்றால் எல்லாம் கருகிக் கிடக்கும் என்பது அவர்கள் நினைப்பு. எனக்கு வருஷத்திலேயே பிடித்த காலம் இதுதான். குண்டுமல்லி வெயில் காலத்துப் பூ. கார்த்திகையில் கவாத்து பண்ணிவிட்டால் மாசிக் கடைசியில் மொட்டு கட்ட ஆரம்பிக்கும். பங்குனி, சித்திரை, வைகாசி என்று ஏறிக்கொண்டே போய் ஆடியில்தான் ஓயும். புங்கமரம் பழைய இலையைக் கொட்டிவிட்டுப் புதுத் தழை விட்டு நிழல் கட்டி நிற்பதும் இந்த நாட்களில்தான். பூவும் கோழியும் ஒன்றுக்கொன்று ஆகாது, இரண்டில் ஒன்றை வைத்துக்கொள் என்று சொல்பவர்கள் நிறையப் பேர். கோடையில் இரண்டும் கேட்பது ஒரே நிழலை, ஒரே தண்ணீரை. அதனால் இந்த ஊரில் இரண்டையும் சேர்த்து வளர்ப்பதுதான் சரி என்பது நான் பார்த்துத் தெளிந்த விஷயம்.

பரதராமி போகிற ரோட்டில், டவுன் முடிந்து மாந்தோப்புகள் ஆரம்பிக்கிற இடத்தில் எங்கள் வீடு. நைனா தறி நெய்தவர். கைத்தறி லுங்கிக்குப் பேர் போன ஊர் இது. தறிக்கொட்டகை இருந்த இடமும் அதை ஒட்டிய நிலமும்தான் இப்போது தோட்டம். நடுவில் புங்கமரம். அதற்கு மேற்கே முருங்கையும் கறிவேப்பிலையும். மேற்கே மரம் இருப்பது ரொம்ப முக்கியம், ஏனென்றால் மத்தியானத்துக்கு மேல் சாய்ந்து அடிக்கும் வெயில்தான் ஆளைச் சாய்க்கிற வெயில். கிழக்கே குண்டுமல்லிப் பாத்தி, காலை வெயில் முழுக்க அதற்குத்தான். மரத்தின் அரை நிழலில் கனகாம்பரம். வேலியோரம் அரளி, செம்பருத்தி, நந்தியாவட்டை. கிணற்றடியைச் சுற்றி அந்திமந்தாரை தானாக முளைத்துத் தானாகப் பூக்கும், யாரும் அதை நட்டதில்லை.

கோழிக்கூண்டு புங்கமரத்தடியில், தரையிலிருந்து தூக்கிக் கட்டி, தென்னங்கீற்றுக் கூரையோடு நிற்கிறது. தகரம் போட்ட கூண்டுகளை இந்தப் பக்கம் நிறையப் பார்க்கிறேன். மே மாதத்தில் அது அடுப்பு. தகரம்தான் கட்டுப்படியாகும் என்றால் அதன்மேல் கனமாகக் கீற்றைப் பரப்புங்கள், இல்லையென்றால் கோணியை நனைத்துப் போடுங்கள். கூண்டைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். பகலெல்லாம் குடித்த சூட்டைச் சுவர் ராத்திரி பூராவும் கக்கும்.

மத்தியானத்தில் புங்கமரத்தடி கோழிக்கு மட்டும் சொந்தமில்லை. பக்கத்து வீட்டு அக்கா பீடி முறத்தோடு வந்துவிடுவார். எங்கள் ஆயா வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து வைத்துக்கொண்டு பூக் கட்ட உட்காருவாள். அவர்கள் காலடியிலேயே கோழிகள் இறக்கையை உடம்பிலிருந்து அகற்றிவிட்டுக்கொண்டு, கழுத்தை நீட்டிக்கொண்டு கிடக்கும்.

"இன்னா ஆயா, இது இப்படி இறக்கைய விரிச்சுகினு கீது? சீக்கா?"

"அதுக்கு ஒடம்பு காயுதுடி. சீக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ எழுந்து போயி சட்டியில தண்ணிய மாத்து."

ஆயா சொன்னது அப்படியே சரி. இறக்கைக்கு அடியில் இறகு குறைவு. அந்த இடத்தைக் காற்றுக்குக் காட்டினால் சூடு இறங்கும். கொண்டையும் தாடியும் அதே வேலையைச் செய்கின்றன. கழுத்தில் இறகே இல்லாத கழுத்தறுப்பான் கோழி எங்களிடம் உண்டு. பார்க்க அழகில்லை என்று வாங்க வருபவர்கள் ஒதுக்குவார்கள். கத்திரியில் மற்ற கோழிகள் மூச்சு வாங்கும்போது அது மட்டும் குப்பையைக் கிளறிக்கொண்டு திரியும். அடுத்தபடி தாங்குவது சிறுவிடை, உடம்பு சின்னது என்பதால். கொழுத்த பெருவிடைச் சேவல்களைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மூச்சு வாங்குவதற்கு ஒரு விலை உண்டு, அது முட்டையில் தெரியும். ஏப்ரல் வரைக்கும் கெட்டியாக இருந்த ஓடு மே மாதத்தில் மெலிந்துவிடும். சில முட்டை கையில் எடுக்கும்போதே நொறுங்கும். வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. ஓட்டுக்கு வேண்டிய கால்சியம் கார்பனேட்டைக் கட்டுவதற்கு அந்த வாயு ரத்தத்தில் இருந்தாக வேண்டும். சுண்ணாம்புச் சத்து எவ்வளவு கொடுத்தாலும் வெயில் குறையாமல் ஓடு முழுசாகத் தேறாது. கிளிஞ்சலை நொறுக்கி ஒரு சட்டியில் எப்போதும் வைத்திருக்கிறோம், கூடவே நிழலையும் காற்றையும் பார்க்கிறோம்.

தீனி விஷயத்தில் ஆயாவின் சட்டம் ஒன்றுதான்: வெயில் ஏறுவதற்கு முன்னால் ஒரு வேளை, இறங்கின பிறகு ஒரு வேளை. நடுவில் தானியத்தைக் கண்ணில் காட்டக் கூடாது. தீனி செரிக்கும்போது உடம்பில் சூடு பிறக்கும், அந்தச் சூடு மத்தியான வெயிலோடு சேரக் கூடாது. விடிகாலையில் கம்பும் நொய்யும், சாயங்காலம் கேழ்வரகும் மிச்சக் களியும். பகலில் கீரைத் தண்டு, தர்பூசணித் தோல், வெள்ளரிக்காய் விதை. குஞ்சுகளுக்குக் கரையான். பழைய மண்பானைக்குள் கிழிந்த கோணி, காய்ந்த சாணி, மட்டைத் துணுக்கு எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால், விடியும்போது பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். வெயில் ஏறுவதற்குள் எடுத்துத் தட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் மண்ணுக்குள் இறங்கிவிடும். அந்தப் பானையைத் தட்டுகிற சத்தத்துக்குக் குஞ்சுகள் ஓடி வருகிற வேகம் இருக்கிறதே, எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

தண்ணீர் மண்சட்டியில், நிழலில், ஒன்றுக்குப் பல இடங்களில். பலவீனமான கோழியை வலுத்தது கிட்டே விடாது, அதனால்தான் பல சட்டி. கோடையில் குடிக்கிற அளவு இரண்டு பங்காகும், சில நாள் அதற்கும் மேலே போகும். சட்டியில் மிஞ்சிய பழைய தண்ணீரை நாங்கள் கீழே கொட்டுவதில்லை, மல்லித் தூரில் ஊற்றுகிறோம். அரிசி கழுநீர், பருப்பு கழுவின தண்ணீர், எல்லாம் அங்கேதான்.

இப்போது பூ. மல்லியை விடிவதற்கு முன் பறிக்க வேண்டும். முழுசாக வெள்ளை திரும்பி, உப்பி, வாய் மூடியிருக்கிற மொட்டுதான் பதம். அன்றைக்குச் சாயங்காலம் அது விரியும். நுனியில் பச்சை ஓடியிருந்தால் நாளைக்கு விடு. பறிக்கும்போது சில மொட்டுகள் அடியில் வீங்கி, ரோஸ் கலர் ஏறி நிற்கும். அது மொட்டு ஈயின் வேலை. அந்த மொட்டுகளைத் தனியாகக் கிள்ளிக் கோழிக்குப் போடுகிறோம். மொட்டு ஈயின் புழு கீழே விழுந்து மண்ணுக்குள்தான் கூட்டுப்புழுவாகும். செடிகளுக்கு நடுவே உள்ள மேல்மண்ணைக் காலையில் கொஞ்ச நேரம் கோழிகள் கிளறினால் அடுத்த தலைமுறை ஈ அங்கேயே குறையும். பூப் பறித்து முடித்து, விடிந்ததும் கொஞ்ச நேரம் மட்டும் அவற்றைப் பாத்திக்குள் விடுவேன், பிறகு ஓட்டிவிடுவேன்.

ஓட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதுதான் எல்லாருக்கும் இருக்கிற பயம், அது நியாயமானதும்கூட. கோடையில் கோழிக்கு மண்குளியல் வேண்டும். செள்ளும் பேனும் பெருகுகிற காலம். காய்ந்த புழுதியில் புரண்டு, இறகுக்குள் மண்ணை ஏற்றி உதறினால்தான் அதற்கு நிம்மதி. தோட்டத்திலேயே நல்ல பொலபொலப்பான மண் எங்கே இருக்கும்? எரு போட்டு, கொத்திவிட்டு, தண்ணீர் பாய்ச்சி வைத்த மல்லிப் பாத்தியில். ஒரு மத்தியானம் போதும், வேரெல்லாம் வெளியே தெரியக் குழி பறித்துவிடும். கம்பால் விரட்டிக்கொண்டே இருப்பது முடியாத காரியம். பாத்தியைவிட நல்ல குழியை வேறு இடத்தில் நாமே தயார் பண்ணிக் கொடுத்துவிட வேண்டும்.

அந்தக் குழியைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் தோட்டமும் கோழியும் சமாதானமாக இருப்பது அதில்தான் நிற்கிறது. புங்கமரத்தின் வடக்குப் பக்கம், மழை வந்தாலும் நனையாத இடமாகப் பார்த்து, ஒரு முறம் போடுகிற அகலத்துக்கு மேல் இரண்டு மூன்று குழி, ஒரு சாண் ஆழம். அதில் ஆற்று மணல் கொஞ்சம், செம்மண் சலித்தது கொஞ்சம், அடுப்புச் சாம்பல், காய்ந்த வேப்பிலைத் தூள். சாம்பலை அதிகம் போடக் கூடாது, மூச்சில் ஏறும். சுற்றிச் செங்கல் அடுக்கிவிட்டால் மண் சிதறாது. இதைச் செய்த பிறகு மல்லித் தூரை ஒட்டி மட்டும் உடைந்த ஓட்டுச் சில்லைப் பரப்பினோம். சில்லு வேரின் ஈரத்தையும் காக்கிறது, கோழி நகத்துக்கும் இடம் கொடுப்பதில்லை. புதிதாக நட்ட பதியனுக்கு மட்டும் முள் வெட்டி வைப்போம். இப்போது பத்து மணிக்கெல்லாம் கோழிகள் குழியில் அடுக்கடுக்காகப் படுத்துப் புரள்கின்றன. ஒன்று எழுந்தால் அடுத்தது இறங்கும்.

கனகாம்பரத்துக்கு இந்தத் தொல்லை குறைவு, வேறு தொல்லை உண்டு. நூற்புழு. செடி காரணமில்லாமல் சோர்ந்து மஞ்சளாகி நிற்கும், பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க முடிச்சு. துலுக்கச் சாமந்தியை ஊடே நட்டால் அதன் வேர் நூற்புழுவை மட்டுப்படுத்தும். டெல்லி கனகாம்பரத்துக்கு விதையே பிடிக்காது, கிளை ஒடித்துத்தான் நட வேண்டும். நோயுள்ள வேரோடு பதியன் கொடுத்தால் தெரு முழுக்கப் பரவும் என்பதால் ஒடித்த தண்டைச் சுத்தமான மணலில் வேர்விட வைத்துக் கொடுப்பதே நல்லது.

துலுக்கச் சாமந்தி என்றதும் இன்னொன்று. வாடின பூக்களைக் கோழிக்குக் கொடுங்கள். இதழைக் கொத்தித் தின்னும். அதிலுள்ள மஞ்சள் நிறமிதான் முட்டைக் கருவை அந்த ஆழ்ந்த மஞ்சளாக்குகிறது. கடைத் தீனி செய்பவர்களும் இதே பூவின் சாற்றைத்தான் கலக்கிறார்கள், அதற்காகவே ஏக்கர் கணக்கில் இதைப் பயிரிடுகிறார்கள். அந்த மஞ்சள் கோழியின் காலிலும் தோலிலும் ஏறுவதற்குப் பின்னால் ஒரு பழங்கதை இருக்கிறது. உலகத்துக் கோழிகளுக்கெல்லாம் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி என்பது பள்ளிக்கூடப் பாடம். ஆனால் மஞ்சள் தோலுக்கான மரபணு அதிலிருந்து வரவில்லை, நம் தென்னிந்தியக் காடுகளில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியிலிருந்துதான் பெரும்பாலும் வந்திருக்க வேண்டும் என்று 2008ல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். எங்கேயோ ஒரு காலத்தில் காடோரத்து வீட்டுக் கோழியும் காட்டுச் சேவலும் சேர்ந்ததன் அடையாளம் இன்றைக்கு அமெரிக்காவில் இருக்கிற கோழியின் காலிலும் இருக்கிறது. எங்கள் மஞ்சக்கால் பெட்டைக்கோழி குழியிலிருந்து எழுந்து உதறும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

தண்ணீரைப் பற்றிப் பேசாமல் இந்தப் பக்கத்தில் தோட்டத்தைப் பற்றிப் பேச முடியாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் தொழில் நடக்கிற ஊர்களுக்கு நடுவில் இருக்கிறோம். பச்சைத்தோல் கெடாமல் இருக்க உப்பு தடவியே வரும். டேனரியில் ஊறவைத்து அலசுகிற முதல் தண்ணீரிலேயே அந்த உப்பு இறங்கிவிடும். பிறகு குரோமியம். வருஷக்கணக்காக அந்தத் தண்ணீர் பாலாற்று மணலுக்குள் போனதில் கரையோரக் கிணறுகள் பல உவர்த்துப் போயின. 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் போட்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட் நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் தீர்ப்பு வந்தது. கெடுத்தவரே நஷ்டத்தைக் கட்ட வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. நாடு முழுக்க இன்றைக்கும் எடுத்துக்காட்டுகிற தீர்ப்பு அது. அதற்கப்புறமும் 2025 ஜனவரி 30 அன்று அதே கோர்ட் இதே பாலாற்றுக்காக மறுபடியும் உட்கார்ந்து, இழப்பீடு கொடு, கண்காணிக்கக் குழு போடு என்று உத்தரவிட வேண்டியிருந்தது. நடுவில் போனது ஒரு தலைமுறை.

எங்கள் சித்தி மகள் ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகிறாள். கருக்கலில் கம்பெனி பஸ் வந்து நிற்கும். அந்தச் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். தொழில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தொழில் விட்ட தண்ணீரைக் குடித்த நிலத்தில் ஒரு மல்லிச்செடி எப்படி இருக்கும் என்று பார்த்தவள் என்கிற முறையில் சொல்கிறேன். இலையின் ஓரம் முதலில் தீய்ந்த மாதிரிப் பழுக்கும், பிறகு மொட்டு சிறுத்து உதிரும். ஒரு கோடை, இரண்டு கோடை பொறுக்கும், அப்புறம் குச்சிதான் நிற்கும். பாலாற்றங்கரையில் சொந்தக்காரர் வீட்டில் கடைசியாக மிஞ்சியது அரளி மட்டும். அது உப்பைத் தாங்கும். எல்லா வீட்டிலும் அரளியை மட்டும் வைத்துக்கொண்டு இருக்க முடியுமா? கோழிக்கும் அதேதான். உவர்த் தண்ணீர் குடித்தால் கழியும், குஞ்சாக இருந்தால் தாங்காது.

எங்கள் கிணறு பிழைத்திருப்பது கவுண்டன்ய ஆற்றின் பக்கம் இருப்பதால். 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி வழிந்து ஆற்றில் வெள்ளம் வந்தபோது கரையோர வீடுகளுக்குள்ளெல்லாம் தண்ணீர் புகுந்தது. நிறையக் குடும்பங்கள் எல்லாவற்றையும் இழந்தன. அந்த வெள்ளத்துக்கு அப்புறம் எங்கள் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் மேலே வந்தது. ஆனாலும் கோடையில் மட்டம் இறங்க இறங்கச் சுவை மாறும். சட்டியின் உள்பக்கம் வெள்ளையாகப் படியும். அது தெரிந்த அன்றிலிருந்து கோழிக்கும் குடிக்கிற தண்ணீரையே வைக்கிறோம், மல்லிக்குக் கழுநீரைக் கூட்டி, கிணற்றுத் தண்ணீரைக் குறைக்கிறோம். கொழுந்து இலை நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்ற இடம் மஞ்சளானால் அது இரும்புச் சத்துக் குறைவு. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்துச் சாயங்காலத்தில் இலைமேல் தெளித்தால் பச்சை திரும்பும்.

இன்னொரு விஷயத்தை எப்போதும் கொஞ்சம் உரக்கவே சொல்வேன். வெள்ளைக்கழிச்சல். வெயில் காலம் வந்தால் ஒரு தெருவில் ஆரம்பித்து ஒரே வாரத்தில் ஊரையே காலி பண்ணிவிடும். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகி, மூலையில் போய் நின்று செத்துப்போகும். வந்த பிறகு மருந்தே இல்லை. மஞ்சளும் வேப்பிலையும் அம்மைக் கொப்புளத்துக்குப் பூசலாம், நல்லதுதான். கழிச்சலுக்கு அதை நம்பிக்கொண்டு உட்காராதீர்கள். தடுப்பூசி ஒன்றுதான் வழி. அந்தத் தடுப்பூசி தயாராகிற இடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ராணிப்பேட்டையில் 1932ல் மாட்டு வெக்கை நோய்க்குச் சீரம் தயாரிக்க ஆரம்பித்த நிறுவனம்தான் இன்றைய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம். வெக்கை நோய் 2011ல் உலகத்தை விட்டே ஒழிந்தது. கோழிக்கழிச்சல் இன்னும் போகவில்லை. நம் மாவட்டத்தில் இருந்த ஊரில் செய்து மாநிலம் பூராவும் அனுப்புகிற மருந்தை நாம் போடாமல், கோடைதோறும் கூடை கூடையாகக் கோழியைப் புதைப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பிப்ரவரியில் கால்நடைத் துறை இதற்காகவே முகாம் நடத்தும், காசு கிடையாது. ஒரு குப்பி மருந்து நூறு கோழிக்கு வரும். கலக்கிவிட்டால் ரொம்ப நேரம் தாங்காது, ஐஸிலேயே இருக்க வேண்டும். அதனால் தனியாகப் போகாமல் தெருவாகப் போங்கள். எங்கள் தெருவில் முதல் நாள் ராத்திரியே எல்லாரும் கோழியைக் கூடையில் கவிழ்த்துவிடுவோம். விடியக் காலையில் கூண்டிலிருந்து இறங்கிவிட்டால் அப்புறம் பிடிக்கவே முடியாது.

வைகாசி ஒன்று, கெங்கையம்மன் சிரசு. குடியாத்தத்துக்காரர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மனின் சிரசு மட்டும் தெருத் தெருவாக ஊர்வலம் வந்து, கோபாலபுரத்தில் ஆற்றங்கரையில் இருக்கிற கெங்கையம்மன் கோயிலில் உடலோடு பொருத்தப்படும். பரசுராமர், ரேணுகாதேவி கதை. சிரசு வருகிற வழி நெடுக மாலை போடுவார்கள், தேங்காய் உடைப்பார்கள். ஆந்திராவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் ஜனம் வரும். கத்திரி நடுவில், வெயில் உச்சத்தில் இந்தத் திருவிழா. நம் ஊர் மல்லிச்செடி அதிகமாகப் பூத்துக் கொட்டுவதும் அதே வாரத்தில்தான்.

அதற்கு முந்தின ராத்திரி எங்கள் தெருவில் யாரும் தூங்குவதில்லை. பக்கத்து வீட்டு அக்கா பீடி முறத்தையே பூ முறமாக்கிக்கொள்வார். மல்லி, கனகாம்பரம், மரு, நடுநடுவே அரளி. மல்லியும் மருவும் வாசத்துக்கு, கனகாம்பரம் கண்ணுக்கு. கனகாம்பரத்துக்கு வாசமே இல்லை, ஆனால் வாடாமல் நிற்கும், மாலைக்குப் பலமே அதுதான். வீட்டுக்கு வீடு பூ குறைந்தால் கடன் வாங்கிக்கொள்வோம். மார்க்கெட்டில் அன்றைக்கு விலை எங்கேயோ இருக்கும். தோட்டம் இல்லாத வீடுகளுக்கு நாங்கள் காசு வாங்காமல்தான் கொடுக்கிறோம், ஆயாவின் ஏற்பாடு அது. "அம்மனுக்குப் போற பூவுக்கு இன்னாத்துக்கு கணக்கு" என்பாள்.

சிரசு முடிந்து ஒரு கோடை மழை பெய்தால்தான் ஆயா அடைக்கு முட்டை வைப்பாள். கத்திரியில் எத்தனை கோழி கொக்கரித்துக்கொண்டு அடை படுத்தாலும் எழுப்பிவிடுவாள். காரணம் கேட்டால் "கூமுட்டையா பூடும்" என்று மட்டும் சொல்வாள். விஷயம் என்னவென்றால் முட்டைக்குள் கரு வளர்வதற்குத் தாயின் உடம்புச் சூடுதான் வேண்டும் என்பதில்லை. நம் வீட்டு அலமாரியின் மே மாதச் சூடே அதை அரைகுறையாகக் கிளப்பிவிடும். வளர ஆரம்பித்துப் பாதியில் நின்றுபோன முட்டையை அப்புறம் எந்தக் கோழி அடைகாத்தாலும் பொரிக்காது. அதனால் அடைக்கு வைக்கிற முட்டையை இட்ட அன்றைக்கே எடுத்து, மண்பானையில் ஈர மணலுக்கு மேல் துணி விரித்து, அதன்மேல் வைக்கிறோம். ஒரு வாரத்துக்கு மேற்பட்டதை வைப்பதில்லை, அதைச் சமையலுக்கு எடுத்துவிடுவோம்.

இந்த வருஷம் மழை வந்துவிட்டது. மஞ்சக்கால் பெட்டைக்கோழியைத்தான் ஆயா தேர்ந்தெடுத்திருக்கிறாள். போன தடவை குஞ்சுகளைப் பருந்திடமிருந்து பறந்தடித்துக் காப்பாற்றியது அதுதான். கூடையில் மணல் கொட்டி, கரித்துண்டும் வரமிளகாயும் ஒரு இரும்பு ஆணியும் போட்டு, ஒற்றைப்படையாக முட்டை அடுக்கியாயிற்று. 21 நாளில் பொரிக்கும். பொரித்து ஒரு வாரத்துக்குள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து விட வேண்டும், எட்டு வாரத்தில் இறக்கையில் ஊசி. மருந்தகத்தில் இப்போதே சொல்லி வைத்தாயிற்று. தெருவில் இன்னும் நாலு வீட்டில் அடை வைத்திருக்கிறார்கள், எல்லாக் குஞ்சையும் ஒரே நாளில் கொண்டுபோவதாகப் பேச்சு.